இடையன் செய்த யாழும் இளைஞன் செய்யும் கிடாரும்

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் ஜாலான் பிந்தால் தாலி என்றொரு வீதி உண்டு. கயிறு திரிக்கும் தெரு என்பது அதன் பொருள். நகர விளையாட்டரங்கின் அருகே லோரோங் கூலிட் என்றொரு சந்து உண்டு. தோற்சந்து என்று அதனைத் தமிழாக்கலாம். முறுக்கிய நரம்பும் இழுத்துக் கட்டிய தோலும் இன்றிப் பேரியாழ் இல்லை; ஆதலின் இவ்விரு பெயர்களும் ஒருங்கே அமைந்த ஊரில் யாழைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. ஆனால் லோரோங் கூலிட்டில் கூடும் பழம்பொருட் சந்தைக்குக் கருவி செய்யும் ஆசையோடு போகும் இளைஞன் யாழை நினைத்துப் போவதில்லை. பழுதான வானொலிப் பெட்டி, கழற்றிய ஒலிபெருக்கி, செப்புக் கம்பி, உடைந்த அலமாரியின் பலகை ஆகியவற்றுள் ஒரு மின்கிடாருக்கு உதவுவது எது என்று தேடியே போகிறான். கடையில் மலிவான கிடார்கள் கிடைக்கும் இந்நாளிலும், தன் கையால் ஒன்றைச் செய்து மீட்ட வேண்டும் என்னும் பொழுதுபோக்கு உலகெங்கும் உயிரோடு இருக்கிறது.

இப்பொழுதுபோக்கைப் பற்றித் தமிழ் வீடுகளில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. ஒன்று, இது வீண் இரைச்சல், படிப்பைக் கெடுப்பது என்பது. மற்றொன்று இதற்கு நேர்மாறானது: கிடாரே நம் யாழிலிருந்து பிறந்ததுதான், ஆகவே பிள்ளை தன் முன்னோர் கலையையே மீட்கிறான் என்பது. முன்னதற்கு விடை சொல்வது பெற்றோர் கடன். பின்னது இலக்கியத்தைப் பற்றிய செய்தியாகையால் திறனாய்வாளர் கடன். அது பிழையானது. ஆனால் அந்தப் பிழையான பெருமை, பத்துப்பாட்டில் உண்மையாகவே இருக்கும் ஓர் உறவைக் காண விடாமல் மறைத்துவிட்டது என்பதுதான் பெரிய இழப்பு.

அவ்வுறவு பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய 500 அடிப் பாட்டு அது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் வேறொரு பாணனைக் காஞ்சிக்கு வழிப்படுத்துகிறான். வழியில் முல்லை நிலம் வருகிறது. அங்கே ஆனிரை மேய்க்கும் இடையன் ஒருவனைப் புலவர் காட்டுகிறார். அவன் ஞெலிகோலைக் கையால் கடைந்து புகை எழத் தீ உண்டாக்குகிறான். அத்தீக்கொள்ளியால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கிறான். அதில் பாலைப் பண்ணை இனிமையாக ஊதுகிறான். ஊதிச் சலித்தபின், உள்ளே புழை உடைய குமிழங்கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, விரலால் எறிந்து குறிஞ்சிப் பண்ணை இசைக்கிறான். வண்டுகள் தம் இனத்தின் ஒலி என்று எண்ணி அதனைக் கேட்கின்றன. எட்டே அடிகளில் இவ்வளவும் முடிந்துவிடுகின்றன. பாணன் தன் வழியே போய்விடுகிறான்.

வகுப்பறையில் இப்பகுதி படும் பாடு பெரும்பாலும் ஒன்றே. யாழின் வளர்ச்சியைக் கூறும்போது, வில்லிலிருந்து யாழ் தோன்றியது என்பதற்குச் சான்றாக இது காட்டப்படும். காட்டியவுடன் பேரியாழுக்குத் தாவிவிடுவர். இடையன் ஏணியின் முதற்படி ஆகிறான். வில்லின் நாணொலியே நரம்பிசைக்கு வித்து என்பது ஏற்கத் தக்கதுதான். ஆனால் அதற்காக இப்பாட்டின் இடையனைப் பழங்காலத்து மனிதனாக்குவது பாட்டைப் பாராமல் செய்யும் தவறு. இதே பாட்டின் தொடக்கத்தில் பெரும்பாணனின் யாழ் உறுப்பு உறுப்பாக வருணிக்கப்படுகிறது. பேரியாழும் வில்யாழும் ஒரே பாட்டில், ஒரே காலத்தில், ஒரே நெடுவழியில் இருக்கின்றன. அவை முன்னதும் பின்னதும் அல்ல. ஒன்று தொழிலாளியின் கருவி. மற்றது பொழுதுபோக்காளனின் கருவி.

இவ்வேறுபாட்டைப் புலவர் தம் சொல்லாட்சியிலேயே காட்டியிருக்கிறார். பெரும்பாணன் யாழைப் பாடும்போது உவமை இன்றி ஓர் உறுப்பையும் அவர் சொல்லவில்லை எனலாம். தோலின் நிறம் பாதிரிப் பூவின் உட்புறம் போன்றது. துளைகள் கமுகின் விரியாத பாளைக்குள் இருக்கும் பூப்போன்றவை. வறுவாய் நீர் வற்றிய சுனையின் இருள் போன்றது. கவைக்கடை பிறை போன்றது. திவவு பெண்ணின் முன்கை வளை போன்றது. மருப்பு நீலமணி ஒழுகினாற் போன்றது. நரம்பு பொற்கம்பி போன்றது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியாரும் இதே நெறியில், பத்தலுக்கு மானின் குளம்புச் சுவட்டையும் ஆணிக்கு நண்டின் கண்ணையும் மருப்புக்குத் தலைதூக்கிய பாம்பையும் உவமையாக்குகிறார். இவை அழகான பகுதிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவற்றைப் படித்து ஒரு யாழைச் செய்ய முற்பட்டவன் திகைத்துப் போவான். என்ன மரம், என்ன நரம்பு என்ற கேள்விகளுக்கு இவ்வுவமைகளில் விடை இல்லை.

இடையனின் யாழிலோ உறுப்புக்கு உவமையே இல்லை. குமிழ் என்று மரம் சொல்லப்படுகிறது. கொம்பில் புழை உண்டு என்று சொல்லப்படுகிறது. மரல் என்று நாரின் பெயரும், அது திரிக்கப்பட்டது என்னும் செய்முறையும் சொல்லப்படுகின்றன. குழலுக்கும் அப்படியே: துளையிட்ட கருவி எது, அது எப்படிக் கிடைத்தது என்பதே செய்தி. பேரியாழைப் புலவர் பார்த்தார். வில்யாழைச் செய்யக் கண்டார். பிறர் செய்து தந்த கருவியைப் பார்ப்பவனுக்கு அது எதுபோல் இருக்கிறது என்பது தோன்றும். தானே செய்தவனுக்கு அது எதனால் ஆனது என்பதே தோன்றும்.

இதற்கு ஒப்பாகக் காட்ட மின்கிடார் உலகத்தில் ஒரு புகழ்பெற்ற கருவி உண்டு. இங்கிலாந்தில் பிரையன் மே என்னும் மாணவர் 1963-இல் தம் தந்தையோடு சேர்ந்து ஒரு மின்கிடார் செய்யத் தொடங்கினார். முடிக்க ஏறத்தாழ இரண்டாண்டு ஆயிற்று. பிற்காலத்தில் 'குயீன்' இசைக்குழுவில் அவர் உலகப் புகழ் பெற்றபோதும் கையில் இருந்தது அந்தக் கிடாரே. அதனைப் பற்றி எழுதுவோர் யாவரும் ஒரே முறையில்தான் எழுதுகின்றனர்: தண்டி பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், அதில் இருந்த புழுத்துளைகளை அடைத்தவை தீக்குச்சிகள், கம்பியின் இழுப்பைத் தாங்குபவை பழைய மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள், அவை அசைய அச்சாக நிற்பது ஒரு கத்தியின் விளிம்பு, மெட்டுகளுக்கிடையே உள்ள புள்ளிகள் தாயின் தையற்பெட்டியிலிருந்து வந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். இதுவும் பொருட்பட்டியல்தான், உவமை இல்லை. கைவினைக் கருவியைப் பற்றிய பேச்சு தானாகவே இந்த நடையைத் தேர்ந்துகொள்கிறது. உருத்திரங்கண்ணனார் அதனைக் கேட்டறிந்து எட்டு அடிகளில் பதித்திருக்கிறார்.

ஞெலிகோல் குழல் செய்வதற்காக ஏற்பட்ட கருவி அன்று. தீ மூட்டுவதற்காகக் கைக்கொண்டது. மரல் நார் வில்லுக்கு நாணாவது. மோட்டார் சைக்கிளின் சுருள்வில்லும் இசைக்காகச் செய்யப்பட்டது அன்று. வேறு வேலைக்கு உரியதை இசைக்கு இழுத்து வருவதே இப்பொழுதுபோக்கின் இன்பம்.

'முனையின்' என்று ஒரு சொல் இப்பகுதியில் வருகிறது. முனைதல் என்பதற்கு வெறுத்தல், சலித்தல் என்று பொருள். குழலின் இன்னிசை சலிக்குமாயின் யாழை இசைப்பான் என்பது கருத்து. உரைகளில் இச்சொல் பொருள் சொல்லப்பட்டுக் கடந்துபோகப்படுகிறது. இவ்வெட்டு அடிகளின் உயிரோ இதில்தான் இருக்கிறது. இடையனுக்குக் குழல் வேண்டும். ஆனிரையை அழைக்க அது உதவும் என்று யாரும் விடைசொல்லிவிடலாம். இரண்டாவது கருவிக்கு அவ்விடை பொருந்தாது. பசு அதைக் கேட்டுத் திரும்பியதாகப் பாட்டில் இல்லை. பிழைப்புக்காகவும் அவன் அதைச் செய்யவில்லை. பாலைப் பண் இனியது என்று புலவர் சொல்லிவிட்டே சலிப்பைச் சொல்கிறார். ஆகவே குழல் கெட்டுப்போனதும் காரணம் அன்று. நன்றாக இருக்கும் ஒன்று போதாமல், வேறொன்றைச் செய்து பார்ப்போம் என்று எழும் மனமே காரணம். கிடார் செய்யும் இளைஞன் முதற்கருவி முடிந்த மறுவாரமே இரண்டாவதற்குப் பலகை தேடுவதைக் கண்டு வியக்கும் பெற்றோர், இச்சொல்லில் தம் மகனைக் காணலாம்.

இன்னும் ஒன்று நோக்கத் தக்கது. முல்லை நிலத்து இடையன் முல்லைப் பண்ணை இசைத்தான் என்றால் திணை இலக்கணத்துக்குப் பொருந்தும். ஆசிரியர்க்கும் கற்பிக்க எளிது. இவனோ குழலில் பாலையும் யாழில் குறிஞ்சியும் இசைக்கிறான். திணைமயக்கம் என்று பெயரிட்டு இதை அமைத்துக்கொள்ளலாம். அவ்வாறு அமைப்பதில் தவறும் இல்லை. ஆனால் அப்பெயர் எதையும் விளக்கவில்லை. பொழுதுபோக்குக்காக இசைப்பவன் தன் நிலத்துக்கு உரியதைத்தான் இசைக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு உடையவன் அல்லன். காதில் விழுந்து மனத்தில் நின்றதை இசைக்கிறான். கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் 1961-இல் சிங்கப்பூருக்கு வந்து சென்றபின், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கிடார்க் குழுக்கள் பெருகின. 'பாப் யே யே' என்னும் மலாய் மெல்லிசை அந்த அலையில் எழுந்தது. மலாய், சீன, தமிழ் வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் பாட்டை ஒருவர் எடுத்துக்கொண்டனர். விலை கொடுக்க இயலாதவர் பலகையை அறுத்துத் தாமே செய்துகொண்டனர். அவர்கள் தம் மரபை மறந்தனர் என்று வருந்துவோர், குறிஞ்சி இசைத்த முல்லை இடையனையும் சேர்த்தே கண்டிக்க நேரும்.

இனி, கிடார் யாழின் வழித்தோன்றல் என்னும் பெருமைக்கு வருவோம். கிடார் என்னும் சொல் கிரேக்கத்தின் கிதாரா என்னும் சொல்லோடு உறவுடையது. அராபியம், ஸ்பானியம் வழியே உலகம் சுற்றியது. சொல்லை விட்டுக் கருவியைப் பார்த்தாலும் இனம் வேறு. யாழில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரே சுரம். நரம்புகள் வளைந்த கோட்டிலிருந்து பத்தருக்கு இறங்கும். கிடாரிலோ வீணையைப் போலக் கம்பிகள் தண்டியின்மீது படுத்துக் கிடக்க, மெட்டில் விரல் அழுத்தி ஒரே கம்பியில் பல சுரம் எழுப்பப்படும். யாழின் இனத்தை இன்று கண்ணால் காண வேண்டின் பர்மாவின் சௌங் என்னும் வளைந்த யாழைக் காண வேண்டும். மான் தோல் போர்த்திய உடலும் மேல்வளைந்த கோடும் அதற்கு உண்டு. 1803-இல் எழுந்த பர்மியக் கோயிலைப் புலாவ் தீக்குஸில் வைத்திருக்கும் பினாங்குக்காரர்க்குப் பர்மா தொலைவு அன்று. நமதல்லாத ஒன்றை நமது என்று சொல்லும் ஆர்வத்தில், அண்டை நாட்டில் உயிரோடிருக்கும் யாழின் உறவினரைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம்.

இவ்வேறுபாடு செய்பவனின் வேலையிலும் பெரிது. யாழ் செய்பவன் நரம்பைக் கட்டிக் காதால் கேட்டு முறுக்கினால் போதும். கிடாரில் மெட்டு ஒரு மயிரிழை தவறினாலும் அச்சுரம் என்றும் தவறானதே. ஆகவே கணக்கு வேண்டும். கம்பியின் முழு நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுக்க அடுத்தது கிடைக்கும். நீளம் 648 மில்லிமீட்டராயின் முதல் மெட்டு ஏறத்தாழ 36.4 மில்லிமீட்டரில் அமையும். பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில் வந்து நிற்பதைக் காணும் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் வெறுத்த கணக்கைப் பலகையில் விரும்பக் கற்றுக்கொள்கிறான். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து தண்டியை ஏறத்தாழ 45 கிலோ எடையளவுக்கு இழுக்கும். தண்டி வளையாதிருக்க உள்ளே இரும்புக் கோல் ஒன்று வைக்க வேண்டும். வில்யாழில் அந்த வளைவே கருவி. கிடாரில் அவ்வளைவே நோய். குரல் எழுவதும் வேறு வகை. காந்தத்தைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றிய சிறு சுருள் ஒன்று கம்பிகளின் அடியில் இருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும். 1931-இல் அமெரிக்காவில் உருவான இவ்வமைப்பினால் பத்தரே தேவையற்றதாயிற்று. அங்கே லெஸ் பால் என்பவர் 1940-ஐ ஒட்டி வெறுங்கட்டை ஒன்றில் கம்பி கட்டி வாசித்தார். அதன் இருபுறமும் ஒரு பழைய கிடாரின் பாதிகளை ஒட்டியபின்பே கேட்டவர்கள் அதைக் கிடாராக ஏற்றனர் என்பர். ஒலிக்கு வேண்டாத பத்தர் கண்ணுக்கு வேண்டியிருந்தது!

கணக்கும் காதும் ஒருங்கே உடையவராக யாழை அணுகியவர் விபுலானந்த அடிகளார். மட்டக்களப்பையடுத்த காரைதீவில் 1892-இல் பிறந்த அவர் அறிவியல் பட்டதாரி. அறிவியல் ஆசிரியராகவும் இருந்தவர். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; அடுத்த மாதமே அவர் மறைந்தார். பழம்பாடல்களின் உவமைகளை உடைத்து அவற்றுள் உறுப்பையும் அளவையும் தேடிய முதற்பேரறிஞர் அவரே. அந்நூலின் பேருழைப்பு பாணர் யாழ்களிலும் நரம்புக் கணக்கிலும் பண்களிலும் தேவார இசையிலும் சென்றது. அது முறையே; அழிந்துபோன பெருங்கலையை மீட்பவர் அரசவையையும் கோயிலையும் நோக்கித்தான் போவார். ஆனால் அவர்வழி நடந்தவர்கள், அவர் செல்ல நேராத சிறுவழிகளையும் தேவையற்றவை என்று கொண்டுவிட்டனர். இடையன் யாழ் 'தொடக்க நிலை' என்ற தலைப்பின் கீழ் அடங்கிப்போயிற்று.

அது தொடக்க நிலை அன்று என்பதற்கு இருபதாம் நூற்றாண்டே சான்று தருகிறது. 1956-ஐ ஒட்டி இங்கிலாந்தில் 'ஸ்கிஃபிள்' என்னும் எளிய இசை இளைஞரைப் பிடித்துக்கொண்டது. தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கழியை நிறுத்தி, கழியின் நுனியிலிருந்து பெட்டிக்கு ஒரு கயிற்றைக் கட்டி, கழியைச் சாய்த்தும் நிமிர்த்தும் மந்தர ஒலி எழுப்பினர். வளையும் கோல், ஒற்றை நாண், அடியில் குடைவான பெட்டி: இது வில்யாழின் இனமே, யாரும் சொல்லிக்கொடுக்காமல் மீண்டும் பிறந்தது. லிவர்ப்பூலில் ஜான் லெனன் தொடங்கிய முதற்குழுவிலும் இப்பெட்டி ஒலித்தது. அப்பெட்டிகளில் வந்த தேயிலையில் இலங்கை மலைத் தோட்டங்களின் தமிழ்க் கைகள் கொய்தவையும் இருந்திருக்கும் என்பது, இசை வரலாற்றில் எவரும் எழுதாத அடிக்குறிப்பு.

ஆற்றுப்படை என்பது பரிசில் இலக்கியம். பெரும்பாணாற்றுப்படையின் 500 அடிகளும் ஒருவனைப் பரிசிலை நோக்கி நடத்திச் செல்கின்றன. யாழ் அங்கே பிழைப்பு. அத்தகைய பாட்டின் நடுவே, எவரிடமும் எதுவும் பெறாமல் இசைக்கும் ஒருவனைப் புலவர் நிறுத்தியிருக்கிறார். அவனுக்கு அவை இல்லை, வண்டுகள் உண்டு. அவ்வண்டுகளும் இசையை வியந்து கேட்கவில்லை. தம் சுற்றம் என்று மயங்கிக் கேட்கின்றன. திரித்த நாரின் ஒலி எத்தகையது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது: தெளிவான உலோக ஒலி அன்று, தாழ்ந்த முரற்சி. பேரியாழுக்கு அளித்த உவமைகள் யாவும் கண்ணுக்கு உரியவை. வில்யாழுக்கோ காதுக்கு உரிய ஒரே குறிப்பு. இடையனைப் பாணனுக்கு எதிராக நிறுத்தி எவரையும் இடித்துரைக்கப் புலவர் எண்ணினார் என்று சொல்வது மிகை. ஆனால் பாணனுக்குக் கொடுக்காத ஒன்றை இவனுக்குக் கொடுத்திருக்கிறார் என்பது உண்மை.

அண்மைக் காலத்தில் சென்னையில் கிடார் முதலிய கருவிகளைச் செய்துவந்த தருண் சேகர் என்பவர் யாழையும் செய்து இசைக்கச் செய்தார். கிடாரிலிருந்து யாழுக்கு ஒருவர் சென்ற இந்த வழி, பட்டறையில் வந்த வழி. குலப்பெருமையில் வந்த வழி அன்று. குமிழங்கோட்டு வில்யாழுக்கு அத்தகைய பட்டறையும் வேண்டியதில்லை. மரல் இனத்துச் செடிகள் பினாங்கில் வீட்டு வாயில்தோறும் தொட்டியில் நிற்கின்றன. இலையை நீரில் ஊறவைத்துச் சுரண்டினால் வெண்ணார் கிடைக்கும். குமிழ் எது என்பதில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். அப்பெயரால் மரமும் உண்டு, முட்செடியாகிய நிலக்குமிழும் உண்டு. மரக்குமிழ் இலேசானது, எளிதில் திருகிக்கொள்ளாதது. இசைக்கருவிகளுக்கு இன்றும் பயன்படுவது. அது கிடைக்காத தோட்டப்புறத்தில், ஒருகாலத்தில் விறகாகவே எரிந்து இப்போது நாற்காலி மேசையாகும் ரப்பர் மரத்தின் கிளையை வளைத்துப் பார்ப்பதில் குற்றமில்லை.

அப்படிச் செய்து பார்க்கும் ஆசிரியருக்கு ஒரு வினா காத்திருக்கிறது. குமிழங்கொம்பின் புழை இயற்கையாக அமைந்ததா, இடையன் குடைந்ததா? குழலின் துளையைக் கரிய துளை என்று சொல்லி, அது தீயால் இட்டது என்று காட்டிய புலவர், கொம்பைப் புழை உடையது என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறார். அதே ஞெலிகோல் தீ இரண்டாம் முறையும் உதவியது என்று கொண்டால், இரண்டு கருவிகளும் ஒரே கொள்ளியில் பிறந்தவை ஆகும். இல்லையெனில், செல்லரித்தோ உலர்ந்தோ உள்ளே வெறுமையான ஒரு கிளையைக் காட்டில் தேடித் தட்டிப் பார்த்து எடுத்தான் என்று ஆகும். கொம்பு ஒன்றை வெட்டி நெருப்புக்கோலை உள்ளே செலுத்திப் பார்த்தால், அது வெடிக்கிறதா குடைகிறதா என்பது தெரிந்துவிடும்.